செத்தது மட்டும்தான் சரி

சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தாம்பரத்தில் ரயில்பாதைக்கு மேற்கே, ஒரு குடியிருப்பின் கடைசித் தெருவில் இருக்கிறது எங்கள் படிப்பகம். தகரக் கூரை, இரண்டு டியூப் லைட், சுவரில் அம்பேத்கர் படம், மேசையில் நான்கு நாளிதழ்கள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். கையில் கத்தரித்த பத்திரிகைத் துண்டு.

“அக்கா, இதைப் பாருங்க. எங்க மாமா.”

ஆறே வரி. புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி உயிரிழந்தார். போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்துவருகின்றனர். அவ்வளவுதான் செய்தி.

“பேரைத் தப்பாப் போட்டிருக்காங்கக்கா. அவருக்கு முப்பத்தெட்டு வயசு, இதுல அம்பதுன்னு இருக்கு. போட்டிருக்கிற ஊரும் எங்க ஊர் இல்ல. செத்தது மட்டும்தான் சரி.”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இருபது ஆண்டுகளாக இந்த மாதிரி ஆறு வரிச் செய்திகளைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவருகிறேன். பல்லாவரம், பம்மல், மேடவாக்கம், பெருங்களத்தூர் என்று ஊர் மட்டும் மாறும். வாசகம் மாறாது. ‘விஷவாயு தாக்கி’ என்கிற சொற்றொடரே எனக்குப் பிடிக்காத ஒன்று. ஏதோ வாயு தானாக எழுந்து வந்து ஆளைத் தாக்கியதைப் போல ஒலிக்கிறது. அவரை உள்ளே இறக்கியவர் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு சொல் கிடையாது.

அந்த மாணவியும் நானும் உட்கார்ந்து, செய்தியில் இல்லாதவற்றை ஒரு தாளில் எழுதினோம். அவரை வேலைக்குக் கூப்பிட்டது யார்? குடியிருப்போர் சங்கமா, இடையில் ஒரு ஒப்பந்தக்காரரா? எவ்வளவு கூலி பேசினார்கள்? கழிவுநீர் லாரி ஏன் வரவில்லை? முகக்கவசம், கயிறு, ஆக்சிஜன் ஏதாவது இருந்ததா? போலீஸார் எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதே குற்றம். முதல்முறை குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால், நடைமுறையில் கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்ற ஒற்றைப் பிரிவோடு கோப்பு மூடப்படுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். எந்தச் சட்டத்தில் வழக்கு என்று கேட்டு எழுத ஒரு நிருபர் இருந்தால், அந்தக் கோப்பு அவ்வளவு சுலபத்தில் மூடாது.

இப்படிக் கேட்டு எழுதுவதற்குப் பெயர்தான் புலனாய்வு இதழியல். நம் ஊரில் புலனாய்வு என்றாலே ரகசிய கேமரா, அமைச்சர் வீட்டு டைரி, அட்டைப்பட அதிர்ச்சி என்று நினைக்கப் பழகிவிட்டோம். அதுவும் தேவைதான். ஆனால், பொதுவில் எல்லோர் கண் முன்னாலும் நடக்கிற ஒன்றை, யாரும் கேட்காத கேள்வியோடு போய்ப் பார்ப்பது அதைவிடக் கடினம். அதைத் தன் வாழ்நாள் வேலையாகச் செய்த ஒருவரைப் பற்றி அன்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். வீட்டுக்கு வந்தபிறகு, இந்தப் பத்தியைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் பி.சாய்நாத்.

வாசகரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

1957இல் சென்னையில் பிறந்தவர். லயோலா கல்லூரியில் படித்துவிட்டு, தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை முடித்தார். 1980இல் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மும்பையிலிருந்து வெளிவந்த ‘பிளிட்ஸ்’ வார இதழில் வெளிநாட்டு விவகார ஆசிரியர், துணை ஆசிரியர். சுமார் பத்தாண்டுகள் அங்கே. இதே பாதையில் போயிருந்தால் தில்லியில் ஒரு பெரிய நாற்காலி கிடைத்திருக்கும்.

1991இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பங்குச் சந்தை, புதிய கார், நட்சத்திர விடுதி என்று பத்திரிகைகளின் முகமே மாறியது. நாட்டின் மேல்தட்டில் இருக்கும் ஐந்து சதவீதத்தினரைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள் என்றால், நான் அடித்தட்டில் இருக்கும் ஐந்து சதவீதத்தினரைப் பற்றி எழுதுகிறேன் என்று அவர் முடிவு செய்தார். 1993இல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ வழங்கிய ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்தார். நேர்காணலில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுவதுண்டு. எங்கள் வாசகர்களுக்கு இந்தக் கிராமத்துக் கதையில் எல்லாம் ஆர்வமில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று ஓர் ஆசிரியர் கேட்டாராம். உங்கள் வாசகரை நீங்கள் கடைசியாக எப்போது நேரில் பார்த்தீர்கள், அவர் சார்பில் பேசுவதற்கு என்று திருப்பிக் கேட்டாராம் இவர். நல்கை கிடைத்தது.

நாட்டின் மிக ஏழ்மையான மாவட்டங்களாகப் பத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒடிசாவில் காளஹண்டி போன்றவை, பிஹாரில், மத்தியப் பிரதேசத்தில் சில. தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும். கிட்டத்தட்ட ஒரு லட்சம் கிலோமீட்டர் பயணம், அதில் 5,000 கிலோமீட்டர் நடை. மொத்தம் 84 கட்டுரைகள் வெளிவந்தன. 1996இல் அவை ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ என்ற நூலாயின. ஒரு நல்ல வறட்சி என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்பது அதன் பொருள். வறட்சி வந்தால் நிவாரணப் பணம் வரும்; பணம் வந்தால் யார் யாருக்கு லாபம் என்று கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ராமநாதபுரம் பற்றி அவர் எழுதியவற்றில் இரண்டு எனக்கு மறக்காதவை. ஒன்று, மிளகாய்த் தரகர்கள் பற்றியது. விவசாயி தரகரிடம் கடன் வாங்குகிறார். அதனால் மிளகாயை அவரிடமே கொண்டுபோக வேண்டும். விலையை அவர்தான் சொல்வார். கமிஷனையும் அவர்தான் பிடிப்பார். ‘தரகர்’ என்ற தமிழ்ச் சொல்லையே ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் போட்டார் சாய்நாத். இன்னொன்று, பனையேறிகள் பற்றியது. பனை ஏறுவது கஷ்டமான வேலை என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுவோம். அவர் ஒரு பனையேறியோடு நாள் முழுக்க இருந்து, மரத்தின் உயரத்தையும் ஏறும் தடவையையும் பெருக்கிப் பார்த்தார். ஒரு நாளைக்குச் சுமார் 5,000 அடி ஏறுகிறார் அந்த மனிதர் என்று எழுதினார். இரக்கத்தை வரவழைக்கும் ஒரு சொல்கூட இல்லாமல் அந்த எண் வேலையைச் செய்துவிடுகிறது. எழுத வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ‘பாவம்’ என்று நாம் எழுதினால் வாசகர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அளந்து எழுதினால் திருப்ப மாட்டார்.

புதுக்கோட்டையில் அவர் பார்த்தது வேறு. அறிவொளி இயக்கத்தின் காலம் அது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊர்ஊராகப் பேரணி போனார்கள். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் சைக்கிள் ஓட்டிக்காட்டினார்கள். கல்வித் திட்டத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று அதிகாரிகள் கேட்கக்கூடிய இடத்தில், தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, அண்ணனுக்காகவோ கணவனுக்காகவோ காத்திராமல் பஸ் நிறுத்தத்துக்குப் போக, ஒரு சைக்கிள் என்ன செய்கிறது என்று அவர் எழுதினார். அந்தக் கட்டுரை பின்னர் என்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமானது.

எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இவையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தரகரிடம் மாட்டிக்கொண்ட அந்த மிளகாய் விவசாயி, தன்னைப் பற்றி எழுதப்பட்டதை அப்போது படித்திருக்க வழியே இல்லை. இதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். கிராமத்துப் பெண்களின் உழைப்பை அவர் எடுத்த புகைப்படங்களை அரங்கத்துக்குள் பூட்டாமல் பஸ் நிலையம், தொழிற்சாலை வாசல், விவசாயத் தொழிலாளர் கூட்டம் என்று கொண்டுபோய் வைத்தார். படத்துக்கு மொழி தேவையில்லை அல்லவா.

கணக்கில் வராத விவசாயி

2004இல் ‘தி இந்து’ நாளிதழின் ஊரக விவகார ஆசிரியரானார். மகாராஷ்டிரத்தின் விதர்பா பகுதியில் பருத்தி விவசாயிகள் கடன் தாங்காமல் பூச்சிமருந்து குடித்துச் செத்துக்கொண்டிருந்த காலம். வீடுவீடாகப் போனார். 2006இல் மும்பையில் ஒரு பெரிய ஆடை அலங்கார விழா நடந்தது. அதற்கு அனுமதி பெற்று வந்த பத்திரிகையாளர்கள் 512 பேர். மேடையில் நடந்த மாடல்கள் போட்டிருந்தது பருத்தி ஆடை. அதே நேரத்தில், அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவில் பருத்தி பயிரிட்டவர்கள் செத்துக்கொண்டிருந்ததை எழுத வந்திருந்த தேசிய ஊடக நிருபர்கள் ஆறு பேர். 512, 6 என்ற இந்த இரண்டு எண்களை அவர் போகிற மேடையெல்லாம் சொன்னார். ‘நீரோஸ் கெஸ்ட்ஸ்’ என்ற ஆவணப்படம் 2009இல் வந்தது. அவரது இந்தப் பயணங்களைப் பற்றியது. மாணவர்கள் பார்க்க வேண்டும்.

தற்கொலைகளை எண்ணுவதிலேயே ஒரு புலனாய்வு இருந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தடித்த தொகுதிகளில் அந்த எண்கள் புதைந்து கிடந்தன. அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் கே.நாகராஜ் அவற்றைத் தோண்டி எடுத்து, ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக ஆராய்ந்தார். சாய்நாத் அதை மக்களுக்குப் புரியும்படி எழுதினார். 1995 முதல் 2013 வரை 2,96,438 விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டதாக அந்த அரசுப் பதிவே சொல்கிறது. யாரும் கசியவிட்ட ரகசிய ஆவணம் இல்லை இது. யார் வேண்டுமானாலும் புரட்டக்கூடிய அரசுப் புத்தகம். புரட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால், இந்த எண்ணிக்கையே குறைவு என்று சாய்நாத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் குறைவு என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. காவல் நிலையத்தில் ஒருவரை ‘விவசாயி’ என்று எழுத வேண்டுமானால் அவர் பெயரில் நிலம் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். பெண் பெயரில் பட்டா இல்லை; எனவே வயலில் நாள் முழுக்க நின்றவள் செத்தால் ‘குடும்பத் தலைவி’. குத்தகைக்கு உழுகிற தலித் பெயரில் பட்டா இல்லை. அவர் செத்தால் ‘கூலி’. காட்டு நிலத்தில் பயிரிடும் பழங்குடியினருக்கும் அதே கதி. உயிரோடு இருக்கும்போது நிலம் மறுக்கப்பட்டவர், செத்தபிறகு விவசாயி என்ற பெயரும் மறுக்கப்படுகிறார்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வலி உண்டு. 1891இல் இந்த மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதன் விளைவாக அடுத்த ஆண்டு பிறந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன? 1994இல் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்காகச் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அதன்பிறகு முப்பது ஆண்டுகள் போய்விட்டன. வண்டலூரைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையின் இரு பக்கமும் மனைப் பிரிவுகளாகிவிட்டன. ஒவ்வொரு மனைக்கும் பின்னால் ஒரு சர்வே எண், அதற்குப் பின்னால் ஒரு பழைய ‘அ’ பதிவேடு. பொறுமையாக உட்கார்ந்து ஒரே ஒரு கிராமத்தின் பதிவேட்டைப் படிக்கும் மாணவர் ஒருவர் கிடைத்தால் போதும். சாய்நாத் செய்ததைவிடக் குறைவான வேலை இல்லை அது.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், அது படிப்பகத்திலேயே செய்யக்கூடியது. 2009 மகாராஷ்டிரத் தேர்தலில், ஒன்றுக்கொன்று போட்டியான மூன்று நாளிதழ்களில் அப்போதைய முதலமைச்சரைப் புகழ்ந்து வந்த கட்டுரைகளைச் சாய்நாத் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுதியவர் பெயர் வேறு வேறு. வரிகள் அச்சுப் பிசகாமல் ஒன்று. பிறகு, அவர் தேர்தல் செலவுக் கணக்கில் நாளிதழ் விளம்பரத்துக்கு என்று காட்டியிருந்த தொகையைப் பார்த்தார். 5,379 ரூபாய். பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி, செலவு ஐயாயிரம்! காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடும் வழக்கம் நாடு முழுக்கப் பேசுபொருளானது. பிரஸ் கவுன்சில் குழு அமைத்து விசாரித்தது. தேர்தல் ஆணையம் வரை போனது. அந்தத் தலைவருக்குப் பின்னாளில் நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால், சாய்நாத்துக்கு இதற்குத் தேவைப்பட்டவை சில பழைய நாளிதழ்களும், பொதுப் பதிவில் உள்ள ஒரு செலவுக் கணக்கும்தான்.

தலித் மக்களைப் பற்றி மட்டும் அவர் ஒரு தனித் தொடர் எழுதினார், 1999ஐ ஒட்டி. ராஜஸ்தானில் 1992இல் கும்ஹேர் என்ற ஊரில் 17 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுகள் கழித்து அங்கே போய், வழக்கு என்ன ஆனது என்று கேட்டார். எல்லோரும் கொலை நடந்த வாரத்தில் போவார்கள். இவர் எல்லோரும் மறந்தபிறகு போனார். ஜெய்ப்பூரில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மனுவின் சிலை நிற்பதைக் காட்டி, நீதி கேட்டு அந்த வாசலுக்கு வரும் தலித்துக்கு அது என்ன சொல்கிறது என்று எழுதினார். நம் தமிழ்நாட்டு வன்கொடுமைகளை இதேபோல விடாமல் போய் எழுதியவர் ‘ஃபிரண்ட்லைன்’ இதழின் எஸ்.விஸ்வநாதன். மேலவளவு, கொடியன்குளம் தொடங்கி அவர் எழுதியவற்றை நவயானா 2005இல் நூலாகப் போட்டது. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

யாருக்குத் திறந்த கதவு?

2007இல் சாய்நாத்துக்கு மகசேசே விருது கிடைத்தது. 2014இல் ‘தி இந்து’விலிருந்து விலகி, அதே ஆண்டு டிசம்பரில் ‘பாரி’ என்ற ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியத்தைத் தொடங்கினார். அது தமிழிலும் வருகிறது, இலவசமாகப் படிக்கலாம். மேலே சொன்ன என் மனக்குறைக்கு அது ஓரளவு பதில்.

இவ்வளவு சொன்னபிறகு அந்த மாணவி ஒரு கேள்வி கேட்டாள். “அக்கா, அவர் எந்த ஆளுங்க?”

இந்தக் கேள்வியை நாகரிகமற்றது என்று சிலர் நினைக்கலாம். சேரியில் பிறந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? அவர் தெலுங்குப் பிராமணக் குடும்பம், குடியரசுத் தலைவராக இருந்த வி.வி.கிரியின் பேரன் என்றேன். “அப்ப அவரை உள்ள விட்டிருப்பாங்க” என்றாள். சாய்நாத்தின் உழைப்பை இது ஒரு குண்டுமணி அளவுகூடக் குறைக்காது. உள்ளே போக முடிந்த எத்தனையோ பேர் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்; இவர் வெளியே வந்து 5,000 கிலோமீட்டர் நடந்தார். ஆனால், அவள் கேட்டதும் நியாயம்.

1996 நவம்பரில் ‘பயனியர்’ நாளிதழில் பி.என்.உனியால் ஒரு கட்டுரை எழுதினார். தில்லியில் தனக்குத் தெரிந்த தலித் பத்திரிகையாளர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வெளிநாட்டு நிருபர் அவரிடம் கேட்டிருக்கிறார். உனியாலுக்கு ஒரு பெயர்கூடத் தோன்றவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை எடுத்தார். 454 பேருக்குப் பெயரோடு சாதிப் பட்டம் ஒட்டியிருந்தது. மீதி 232 பேரில் 47 பேரைக் கூப்பிட்டுப் பேசினார். ஒருவர்கூட தலித் இல்லை. 23 ஆண்டுகள் கழித்து, 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் யாரும் இல்லை. என் மாணவியின் மாமா பெயர் ஏன் தப்பாக அச்சானது என்பதற்கு இந்த எண்களிலும் ஒரு விடை இருக்கிறது. பெயரைச் சரிபார்க்க அந்தத் தெருவுக்குப் போன் போட்டுக் கேட்கக்கூடிய ஆள் யாரும் அந்த மேசையில் இல்லை.

உள்ளே விடவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு இதே மாவட்டத்துக்காரர் ஒருவர் எப்போதோ வழி காட்டியிருக்கிறார். மதுராந்தகம் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் அவர் படித்த கலாசாலையில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர எல்லோரும் பிராமணர்கள். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஊர், உறவு, சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியிலேயே எங்காவது இருந்து படித்துவிட்டு, வகுப்பு தொடங்கும்போதுதான் உள்ளே போவாராம். அப்படிச் சாதியை மறைத்துப் படித்த பையன், 1893 அக்டோபரில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். நான்கு பக்கம், விலை இரண்டணா, தொடக்கச் செலவு 10 ரூபாய். இரண்டு நாளில் 400 பிரதிகள் விற்றன. மூன்று மாதத்தில் வார இதழானது, இரண்டு ஆண்டில் சொந்த அச்சகம் வந்தது. பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்துக்காக நீதிமன்றம் ஏறி 100 ரூபாய் அபராதமும் கட்டினார். 1900 வரை நடத்தினார். கணக்குப் பார்த்தால், சாய்நாத் நல்கைக்கு விண்ணப்பித்ததற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு.

இந்தப் பகுதி மாணவர்களுக்கு ஒரு தகவல். சாய்நாத் பாடம் நடத்திய ஆசிய இதழியல் கல்லூரி தரமணியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி பஸ் பிடித்தால் சேர்ந்துவிடும் தூரம். விலக்கப்பட்ட மக்களின் வாழ்வை எழுதுவது எப்படி என்றே அங்கு ஒரு பாடம் உண்டு. கட்டணம் லட்சக்கணக்கில், பாடம் ஆங்கிலத்தில். தலித், பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. என்னைப் போலத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு அந்த ஆங்கிலம் ஒரு மதில்தான், மறுக்கவில்லை. ஆனால், இப்படி ஓர் உதவித்தொகை இருப்பதே தெரியாமல் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் நூறு பிள்ளைகள் டிகிரி முடித்துவிட்டு டெலிவரி பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அவர்கள் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள், கைக்கு எவ்வளவு வருகிறது, எந்தக் குடியிருப்பில் லிஃப்ட்டில் ஏறவிடுவதில்லை என்று எழுதினால், அதுவே முதல் கட்டுரை.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவி ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள். மாமாவோடு வேலைக்குப் போன இன்னொருவரைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அவர் முதலில் வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் பேசினார். கூலி எவ்வளவு, யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு மூடியைத் திறந்தார்கள் என்று எல்லாம் எழுதியிருந்தாள். மணி, நிமிடம் உட்பட. அத்தை பெயர், மாமா பெயர், வயது, ஊர் ஆகியவற்றை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் பதியப்பட்டது, இழப்பீட்டுக்கு யார் யாருக்குக் கடிதம் போனது, கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தப் பகுதியில் கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் எத்தனை என்று மூன்று கேள்விகளோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அவளே அனுப்பினாள். ரசீதை நோட்டின் பின் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறாள். பதில் தர முப்பது நாள் அவகாசம். இதை நான் எழுதும் இன்று பதினேழாவது நாள்.